வெளிநாட்டு மோட்டார் ஹோமுக்குச் செட்டிநாட்டு வீட்டிலிருந்து மின் இணைப்பு: முழுமையான வழிகாட்டி

கானாடுகாத்தான், ஆத்தங்குடி, காரைக்குடி வட்டாரத்துப் பெரிய வீடுகளைப் பார்க்க வரும் வெளிநாட்டுப் பயணிகளில் சிலர், படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை எல்லாம் அடங்கிய தங்கள் சொந்த மோட்டார் ஹோமையே கார்னே என்னும் சுங்க ஆவணத்தின் பேரில் தற்காலிகமாக இந்தியாவுக்குள் கொண்டுவருகிறார்கள். வண்டி வாசலில் வந்து நின்றதும் அவர்கள் முதலில் கேட்பது ஒரு பிளக் பாயிண்ட். அடாப்டர் ஒன்று இருந்தால் போதும் என்று யாராவது சொல்ல, முகப்பிலுள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டில் வயரைச் செருகிவிடுகிறார்கள். அது அமெரிக்க வண்டியாக இருந்தால் மைக்ரோவேவ் முதல் பேட்டரி சார்ஜர் வரை சில நொடிகளில் எரிந்துபோகலாம். ஐரோப்பிய வண்டியாக இருந்தால் எல்லாம் ஒழுங்காக ஓடும். ஆனால் எர்த் சரியில்லாத வீட்டில், ஏதேனும் ஒரு சாதனத்தில் கசிவு ஏற்பட்ட கணமே வண்டியின் உலோக உடம்பு முழுவதும் மின்சாரம் நிற்கும். இரண்டில் இரண்டாவதுதான் பெரிய ஆபத்து என்பது என் உறுதியான கருத்து. முன்னதில் பொருள் போகும். பின்னதில் ஆள் போய்விடக்கூடும்.

விருந்தினரை ஏற்கும் வீட்டுக்காரர், அவர் அழைக்கும் எலக்ட்ரீசியன், வண்டிக்குச் சொந்தக்காரர் ஆகிய மூவரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வயரிங் வேலைகளை உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனே செய்ய வேண்டும். எதைக் கேட்பது, எதைச் சோதிப்பது, எதற்குச் சம்மதிக்கக் கூடாது என்பதை மற்ற இருவரும் தெரிந்துகொள்வதற்கு இது உதவும். அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பும்போது ஓவனும் மிக்ஸியும் கொண்டுவந்திருப்பவர்களுக்கும் ஐந்தாம் படியில் வருபவை அப்படியே பொருந்தும்.

முதல் படி: சாதனங்களின் பெயர்ப்பலகையைப் படித்தல்

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இடங்களிலும் நடைமுறையில் இதேதான். அங்கிருந்து வரும் சாதனங்களுக்கு மாற வேண்டியது பிளக்கின் வடிவம் மட்டுமே. அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸும் மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸும் உள்ளன.

வண்டி எந்த நாட்டில் வாங்கப்பட்டது என்று கேட்டு அறிந்தால் மட்டும் போதாது. இடையில் கைமாறிய வண்டிகளில் ஒன்றிரண்டு சாதனங்களை யாராவது மாற்றியிருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு சாதனத்தின் பெயர்ப்பலகையையும் கண்ணால் பார்த்து, வோல்ட், ஹெர்ட்ஸ், வாட் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். மைக்ரோவேவில் கதவைத் திறந்தால் உள்விளிம்பிலும், ஃபிரிட்ஜில் உட்சுவரிலும், கூரை ஏசியில் உட்பக்கக் கிரில்லைக் கழற்றினால் ஃபில்டருக்குப் பின்னாலும் பலகை பெரும்பாலும் இருக்கும். பேட்டரி சார்ஜர் கட்டிலுக்கடியிலோ அலமாரிக்கடியிலோ ஒளிந்திருக்கும்.

எழுதி முடித்த பட்டியலை மூன்று கூறாகப் பிரியுங்கள். '100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருக்கும் லேப்டாப், போன் சார்ஜர் போன்றவை எங்கும் ஓடும். கெட்டில், வாட்டர் ஹீட்டர், டோஸ்டர் போலச் சூட்டுக்கம்பி மட்டும் உள்ளவற்றுக்கு வோல்ட் சரியாக இருந்தால் போதும். ஹெர்ட்ஸைப் பற்றிக் கவலையில்லை. மோட்டாரோ, கனமான டிரான்ஸ்பார்மரோ உள்ளே இருக்கும் ஏசி, மைக்ரோவேவ், பழைய வகைச் சார்ஜர் ஆகியவற்றுக்கு இரண்டும் சரியாக இருக்க வேண்டும். சிக்கலெல்லாம் இந்த மூன்றாம் கூற்றில்தான்.

இரண்டாம் படி: வீட்டு மின்சாரத்தைச் சோதித்தல்

செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் எழுந்தவை; மின்சாரம் பலவற்றுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. தேக்கு உத்தரத்தின் ஓரமாக மரக் கேசிங்கில் ஓடும் பழைய வயரிங் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதில் பேஸ், நியூட்ரல் என்று இரண்டே கம்பிகள்தான். பிற்காலத்தில் யாரோ மூன்று துளை சாக்கெட்டை மாட்டியிருப்பார்கள். மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்காமல், மூன்று துளை இருக்கிறது என்பதற்காக எர்த் இருக்கிறது என்று நம்ப வேண்டாம்.

மல்டிமீட்டரால் மூன்று அளவுகளை எடுக்க வேண்டும். சாக்கெட்டை நேருக்கு நேர் பார்க்கையில் எர்த் மேலே இருந்தால், வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 230 வோல்ட், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் என்று காட்டினால் முதற்சோதனையில் தேறியது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஐம்பது, நூறு என்று ஏறினால் எர்த் கம்பி எங்கோ அந்தரத்தில் தொங்குகிறது அல்லது நியூட்ரலில் பழுது இருக்கிறது. சட்டைப் பையிலிருக்கும் டெஸ்டரில் விளக்கு எரிவதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. அது பேஸ் இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும்.

மல்டிமீட்டரும் ஓரளவு ஏமாற்றும். அது இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறிது என்பதால், வறண்டு செத்துப்போன எர்த் குழியும் அதில் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். எலக்ட்ரீசியனிடம் எர்த் டெஸ்டர் இருந்தால் அதைக் கொண்டு அளப்பதே முறை; அது இல்லாதபோது பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு 100 வாட் குண்டு பல்பை எரியவிட்டுப் பார்ப்பார்கள். பல்பு முழு வெளிச்சத்தோடு எரிந்தால் எர்த் ஓரளவு வேலை செய்கிறது. மங்கினால் குழி பயனற்றது. கசிவு தடுப்புக் கருவி உள்ள லைனில் பல்பைத் தொட்டதுமே அது டிரிப் ஆகும். அதுவும் நல்ல அறிகுறியே. எர்த் கெட்டிருக்கும் வீட்டில் இந்தப் பல்புச் சோதனை நடக்கும்போது, எர்த் கம்பியோடு இணைந்த ஃபிரிட்ஜ், கிரைண்டர் உடம்புகளிலும் மின்சாரம் ஏறும் என்பதால், வீட்டிலிருப்பவர்கள் எதையும் தொடாமல் தள்ளி நிற்க வேண்டும்.

எர்த்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. மின்வாரியத்தின் கம்பி நம் வீட்டுக்குக் கொண்டுவருவது பேஸையும் நியூட்ரலையும் மட்டுமே. எர்த் என்பது பெரும்பாலும் வீட்டுக்காரர் தம் மண்ணில் போடும் குழி. அந்தக் குழியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்குள் ஹீட்டரின் பேஸ் கம்பி உடம்பில் பட்டுவிட்டால், 230-ஐ 20-ஆல் வகுத்தால் வரும் 11.5 ஆம்பியர்தான் மண்ணுக்குள் போகும். மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்சான 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது சாதாரண லோடு. எத்தனை மணி நேரமானாலும் விழாது. வண்டி ரப்பர் டயரில் நிற்பதால் உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஈரத் தரையில் வெறுங்காலை வைத்து இறங்குபவரின் உடம்பு வழியாகத்தான் அந்த மின்சாரம் தரையைத் தேடும். செருப்பை வாசலில் விட்டுப் பழகிய நம் ஊரில், வண்டியைப் பார்க்க வரும் பிள்ளைகள் வெறுங்காலோடுதான் நிற்பார்கள்.

செட்டிநாட்டு மண் செம்மண்ணும் செம்புறாங்கல்லும் கலந்தது. கோடையில் இறுகி வறண்டுவிடும். ஐப்பசி மழையில் நன்றாக இருந்த அதே எர்த் குழி சித்திரையில் பல மடங்கு மோசமாகியிருக்கும். ஆகவே சோதனையைக் கோடையில் செய்வதும், குழியில் வாரத்துக்கு ஓரிரு முறை தண்ணீர் ஊற்றுவதும் அவசியம். வண்டிக்கான இணைப்புப் பெட்டிக்கென்று, வண்டி நிற்கும் இடத்துக்கு அருகிலேயே தனியாக ஒரு எர்த் போட்டுவிடுவதையே நான் பரிந்துரைப்பேன். அளந்து பார்க்கையில் 5 ஓமுக்குக் கீழே வந்தால் நிம்மதி.

சிலர் இதற்கெல்லாம் சோம்பி, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் பிணைத்துவிடுவார்கள். மல்டிமீட்டரில் அளவுகள் மிக அழகாக வரும். ஆனால் நியூட்ரல் எங்காவது அறுந்தால் அந்தக் கணமே வண்டியின் உடம்பு பேஸாகிவிடும். இந்தத் துண்டுக் கம்பியை எங்கு கண்டாலும் உடனே அகற்றச் சொல்லுங்கள்.

வோல்டேஜைப் பகலில் ஒரு முறை பார்த்துவிட்டு விடக் கூடாது. தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கும் ஏசியும் ஓடும் முன்னிரவில் அளக்க வேண்டும். காற்று மழையில் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நியூட்ரல் அறுந்துபோனால் சில வீடுகளில் வோல்டேஜ் சரிந்தும் சில வீடுகளில் 400-ஐ நோக்கி ஏறியும் போவதுண்டு. தெரு முழுக்க டி.வி.யும் ஃபேனும் போவது அப்போதுதான். மேலும், கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டருக்கு மாறிக்கொள்ளும் லைனில் வண்டியை இணைக்கவே கூடாது. வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவும், மின்வாரியக் கரண்டைப் போலச் சீராக ஏறி இறங்கும் சைன் அலையைத் தராமல், சதுர அலையைத் தருபவை; மைக்ரோவேவும் ஏசியும் அதைத் தாங்கா.

மூன்றாம் படி: வண்டிக்கென்று தனிப் பாயிண்ட்

வீட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் சாக்கெட் எதையும் பயன்படுத்தாமல், மீட்டர் பெட்டிக்கு அடுத்த மெயின் போர்டிலிருந்தே தனி லைன் இழுக்க வேண்டும். அந்த லைனில் நான்கு பொருள்கள் வரிசையாக அமைய வேண்டும்: பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து அறுக்கும் 16 ஆம்பியர் இரட்டைத் துருவ எம்.சி.பி.; கசிவு தடுப்புக் கருவியான 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.; வோல்டேஜ் வரம்பு மீறினால் தானாக அறுத்து, சீரானபின் சில நிமிடம் பொறுத்துச் சேர்க்கும் வோல்டேஜ் கட்-ஆஃப்; கடைசியில், மழைத் துளி படாத மூடியுள்ள மூன்று முள் நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட்.

இந்த நான்கில் ஆர்.சி.சி.பி.யை மட்டும் எக்காரணத்தாலும் விட்டுவிடக் கூடாது. எம்.சி.பி. கம்பியைக் காப்பது, ஆர்.சி.சி.பி. ஆளைக் காப்பது. பேஸில் போன மின்னோட்டம் நியூட்ரலில் முழுமையாகத் திரும்பவில்லை என்றால் அது கண நேரத்தில் அறுத்துவிடும். மேலே சொன்ன 20 ஓம் குழி நூறு ஓமாக ஏறியிருந்தாலும் அது வேலை செய்யும். கடையில் வாங்கும்போது 'ஏ' வகை என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணமாக எடுத்துக் கொடுப்பது 'ஏசி' (AC) என்று குறித்த வகை. இக்காலச் சார்ஜர்களிலிருந்து வரும் கசிவைச் சில வேளை அது உணராது.

வயரின் கனத்தில் சிக்கனம் வேண்டாம். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். மீட்டர் முகப்புப் பக்கமும் வண்டி பின்கட்டுப் பக்கமும் இருந்தால் 40 மீட்டர் வயர் சர்வசாதாரணமாகத் தேவைப்படும். 40 மீட்டருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 15 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 14 வோல்ட் வழியிலேயே கரைந்து சூடாகிவிடும், 2.5-இல் 9 வோல்ட். 4-இல் 5 முதல் 6 வோல்ட். நான் 4 சதுர மில்லிமீட்டருக்குக் கீழே போகமாட்டேன். முடிந்தால் வண்டியையே மீட்டர் இருக்கும் தெருப் பக்கம் நிறுத்திவிடுங்கள்; இரண்டு தெருவுக்கு வாசல் இருப்பதன் பயன் இங்கே கிடைக்கும். நீட்டிப்பு வயரைச் சுருளாக வைத்தபடி ஓட்டினால் நடுச் சுற்றுகள் உருகும். முழுவதும் பிரித்துப் போட வேண்டும். நிலைக்கதவுக்கு அடியில் வயரை நசுக்கிக் கொண்டுபோவதும் கூடாது.

கம்பி நிறங்கள் ஒன்றையொன்று ஏமாற்றும் இடம் இது. நம் பழைய வழக்கப்படி சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவை பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். அமெரிக்க வண்டியில் கறுப்பே பேஸ், வெள்ளைதான் நியூட்ரல். ஐரோப்பிய வண்டியில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல். கறுப்போடு கறுப்பையும் நீலத்தோடு நீலத்தையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கும் எலக்ட்ரீசியன் தன்னையறியாமல் தலைகீழாக இணைத்துவிடுவார். நிறத்தை நம்பாமல் மீட்டர் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

தோட்டத்துக் கிணற்று பம்ப்செட்டின் விவசாய இணைப்பிலிருந்து லைன் எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை ஏற்காதீர்கள். ஒரு பயன்பாட்டுக்கென்று தரப்பட்ட இணைப்பை வேறொன்றுக்குப் பயன்படுத்துவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் வரும்.

நான்காம் படி: 230 வோல்ட் வண்டியை இணைத்தல்

ஐரோப்பிய, பிரிட்டிஷ் வண்டிகளின் பக்கவாட்டில் நீல நிற மூன்று முள் நுழைவாய் இருக்கும். மேலே சொன்ன நீலச் சாக்கெட்டிலிருந்து நேராக வயர் கொடுத்துவிடலாம். ஐரோப்பியரின் இரு முள் வட்டப் பிளக் நம் 6 ஆம்பியர் சாக்கெட்டின் கீழிரண்டு துளைகளில் ஏறக்குறையப் பொருந்திவிடும் என்பது இங்கே ஒரு பொறி. விளக்கு எரியும், ஃபிரிட்ஜ் ஓடும். ஆனால் அந்தப் பிளக்கின் எர்த் இருப்பது பக்கவாட்டுத் தகடுகளில், அவை நம் சாக்கெட்டில் எதையும் தொடுவதில்லை. அந்த இணைப்பில் வண்டிக்கு எர்த்தே கிடையாது.

இணைத்தபின் வண்டிக்குள் ஒரு சாக்கெட்டில் மறுபடியும் மூன்று அளவுகளையும் எடுத்து, பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் திருத்துங்கள். மொத்த லோடு 16 ஆம்பியர், அதாவது சுமார் 3,600 வாட் என்பதை நினைவில் வையுங்கள். 2,000 வாட் கெட்டிலும் கூரை ஏசியும் வாட்டர் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடினால் எம்.சி.பி. விழக்கூடும்.

ஐந்தாம் படி: 120 வோல்ட் வண்டி

அமெரிக்க வண்டியின் நுழைவாய் இரு வகைப்படும். மூன்று முள், 30 ஆம்பியர் வகை 120 வோல்ட் மட்டுமே. நான்கு முள், 50 ஆம்பியர் வகையில் '120/240' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, நம்முடையதும் அதுதானே என்று எண்ணிவிடக் கூடாது. நடுவில் நியூட்ரலும் இருபுறம் இரண்டு 120 வோல்ட் பேஸும் கொண்ட அமைப்பு அது. நம் பேஸையும் நியூட்ரலையும் அந்த இரண்டு பேஸ் முள்களில் கொடுத்து நடு நியூட்ரலை விட்டுவிட்டால், ஒருபுறம் ஏசியும் மறுபுறம் சிறு விளக்கும் இருக்கையில், ஏறக்குறைய முழு 230 வோல்ட்டும் அந்தச் சிறு விளக்கின் தலையில் விழும்.

வோல்டேஜ் இரு மடங்கானால் சூட்டுக்கம்பியின் வாட் நான்கு மடங்காகும். 120 வோல்ட்டில் 1,440 வாட் எடுக்கும் வாட்டர் ஹீட்டர் 230 வோல்ட்டில் 5,290 வாட் எடுக்கும். அதற்குள் தீப்பிடிக்காதிருந்தால் அதிர்ஷ்டம்.

இதற்கு நான் முதலில் சொல்லும் வழி, வீட்டுக் கரண்டை வண்டியின் பேட்டரி வரைக்கும் மட்டுமே விடுவது. மோட்டார் ஹோமின் விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபேன் ஆகியவை எப்படியும் 12 வோல்ட் பேட்டரியில்தான் ஓடுகின்றன. பல வண்டிகளில் ஃபிரிட்ஜும் அப்படியே. ஆகவே நம் 230 வோல்ட்டில் ஓடும் 12 வோல்ட் சார்ஜர் ஒன்றை, வண்டிப் பேட்டரி லெட் ஆசிட்டா லித்தியமா என்று பார்த்து அதற்கேற்ப வாங்கி நேராகப் பேட்டரியில் இணைத்துவிட்டு, வண்டியின் 120 வோல்ட் சாதனங்களுக்கு வண்டியிலேயே இருக்கும் சைன் அலை இன்வெர்ட்டரைப் பயன்படுத்தினால், அவற்றுக்குப் பிறந்த நாட்டின் 120 வோல்ட்டும் 60 ஹெர்ட்ஸும் சிறிதும் மாறாமல் கிடைக்கும். 40 ஆம்பியர் சார்ஜர் வீட்டு லைனிலிருந்து எடுப்பது 3 ஆம்பியருக்கும் குறைவு. பழைய வீட்டு வயரிங்குக்குச் சுமையே இல்லை. வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் அடிபடுவது சார்ஜர் ஒன்றே. வண்டிக்குள் ஒரு ஆணியைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

இந்த வழியில் ஓடாதது கூரை ஏசி. 1,600 வாட் ஏசிக்கு இன்வெர்ட்டர் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 150 ஆம்பியர் வரை உறிஞ்சும். 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியும் ஒன்றரை மணி நேரம் தாங்காது. அக்கினி நட்சத்திரத்தில் வந்திருக்கும் விருந்தினருக்கு வண்டியைவிட வீடே மேல்: சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவரும், காற்று வந்து போகும் திறந்த வளவும் உள்ள இடத்தில் ஒரு கட்டிலைப் போட்டுக் கொடுப்பதுதான் முறையான உபசரிப்பும்கூட.

ஏசி ஓடியே ஆக வேண்டும் என்றால் டிரான்ஸ்பார்மர்தான் வழி. ஒரே சுற்றைப் பகிர்ந்துகொள்ளும் ஆட்டோ டிரான்ஸ்பார்மர் மலிவாகவும் எடை குறைவாகவும் இருக்கும். அதை நான் ஏற்பதில்லை. அதன் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே நியூட்ரலைப் பகிர்வதால், அந்தப் பொதுச் சுற்று அறுந்தால் 120-க்குப் பதில் 230 வெளியே வரும். பிளக்கைத் தலைகீழாக மாட்டினால் வண்டியின் நியூட்ரலே 230 வோல்ட்டில் நிற்கும். உள்சுற்றும் வெளிச்சுற்றும் தனித்தனியாக உள்ள ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரையே ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்க வேண்டும். செம்புச் சுற்று, தொடர்ந்து ஓடத் தக்க 5 கே.வி.ஏ. திறன், 50 ஹெர்ட்ஸுக்கென்று கணக்கிட்ட இரும்பு, வீட்டு வோல்டேஜுக்கேற்ப மாற்றி இணைக்க உள்சுற்றில் 200, 220, 240 என்று டேப்பிங், சூடு மீறினால் அறுக்கும் கட்-அவுட் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸுக்கென்று செய்த டிரான்ஸ்பார்மரை இங்கே கொண்டுவந்தால் சும்மா இருக்கும்போதே கொதிக்கும். டிரான்ஸ்பார்மரைப் போட்ட கணத்தில் பெரும் மின்னோட்டம் பாயும் என்பதால், அதற்கு முன்னுள்ள எம்.சி.பி. 'சி' அல்லது 'டி' வகையாக இருக்க வேண்டும்.

இந்த டிரான்ஸ்பார்மரின் வெளிச்சுற்று மண்ணோடு தொடர்பில்லாமல் மிதக்கும். அமெரிக்க வண்டியின் பேனலில் நியூட்ரலும் எர்த்தும் தனித்தனியாகவே இருக்கும். அவை சேர வேண்டிய இடம் மின்சாரம் பிறக்கும் இடம். எனவே டிரான்ஸ்பார்மரின் வெளிமுனைகளில் ஒன்றை அங்கேயே, ஒரே இடத்தில், எர்த்தோடு பிணைத்து அதை நியூட்ரலாக்க வேண்டும். வீட்டு லைனில் நான் விலக்கிய பிணைப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை எலக்ட்ரீசியனுக்குப் பொறுமையாக விளக்குங்கள்: அங்கே நியூட்ரல் மின்வாரியத்துடையது, இங்கே நாம் புதிதாக உண்டாக்குவது. இந்தப் பிணைப்பு இல்லாவிட்டால் வண்டிக்குள் இருக்கும் கசிவு தடுப்புச் சாக்கெட்டுகள் வேலை செய்யா. வீட்டுப் பக்கத்து ஆர்.சி.சி.பி.யும் டிரான்ஸ்பார்மருக்கு அப்பாலுள்ள கசிவைக் காணாது. ஆகையால் பிணைப்புக்குப் பின், வண்டிப் பக்கத்தில், 120 வோல்ட்டில் இயங்கும் இன்னொரு கசிவு தடுப்பு தேவை.

டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும்; ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டாரின் இரும்பு எவ்வளவு காந்தத்தைச் சுமக்கிறது என்பது வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்து வரும் எண்ணைப் பொறுத்தது. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸில் அந்த எண் 2. அதே 120 வோல்ட்டை 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் 2.4; இரும்பு தாங்கும் அளவைத் தாண்டி, சுற்று சூடாகி, இன்சுலேஷன் கருகும். வோல்ட்டை 100-க்கு இறக்கினால் எண் மீண்டும் 2 ஆகும். ஆனால் கம்ப்ரஸர் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், குளிர்ச்சி குறையும், கிளம்பும்போது திணறும். ஆகவே பெயர்ப்பலகையில் 50 ஹெர்ட்ஸ் என்று தெளிவாகப் போட்டிருந்தாலொழியக் கூரை ஏசியையும் மைக்ரோவேவையும் டிரான்ஸ்பார்மரில் ஓட்ட வேண்டாம் என்பதே என் அறிவுரை. வாட்டர் ஹீட்டர், டோஸ்டர், காபி மேக்கர் ஆகியவற்றை அதில் தயங்காமல் ஓட்டலாம்.

வண்டி ஓரிரு வாரமே நிற்கப்போகிறது என்றால் இவ்வளவு செலவும் வேண்டியதில்லை. பேட்டரிக்கு ஒரு சார்ஜர் கொடுத்துவிட்டு, நம் ஊர் டேபிள் ஃபேனையும் இண்டக்ஷன் அடுப்பையும் நீலச் சாக்கெட்டிலிருந்து எடுத்த தனி போர்டில் வண்டிக்கு வெளியே வைத்துப் பயன்படுத்தினால் போதும்.

ஆறாம் படி: அன்றாடப் பழக்கம்

இணைக்கும்போது வீட்டுப் பக்க எம்.சி.பி.யை இறக்கிவைத்து, வண்டிக்குள் எல்லாச் சாதனங்களையும் நிறுத்திவிட்டு, வயரை முதலில் வண்டியிலும் பிறகு சாக்கெட்டிலும் செருகி, கடைசியில் எம்.சி.பி.யை ஏற்ற வேண்டும். கழற்றுவது இதற்கு நேர் எதிர்: முதலில் எம்.சி.பி., பிறகு சாக்கெட், கடைசியில் வண்டி. மின்சாரம் உள்ள வயரின் முனை ஒருபோதும் கையில் இருக்கக் கூடாது என்பதற்காகவே இந்த வரிசை. ஒவ்வொரு முறை ஏற்றியதும் ஆர்.சி.சி.பி.யில் 'T' என்று போட்டிருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அது மாற்றப்படும்வரை வண்டிக்கு மின்சாரம் கொடுக்க வேண்டாம்.

கரண்ட் போனால் வண்டியின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, திரும்ப வந்து சில நிமிடம் கழித்தே ஏற்றுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் அறிவிக்கும் மின்தடை நாளன்று காலையிலேயே கழற்றிவிடுவது நல்லது. கோடை இடியிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் எம்.சி.பி.யை இறக்கினால் மட்டும் போதாது. மழை வருமுன்பே வயரைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவைக்க வேண்டும். ஏசியோ ஹீட்டரோ முதல்முறை அரை மணி நேரம் ஓடியபின், எம்.சி.பி.யை இறக்கிவிட்டுப் பிளக்கையும் சாக்கெட்டையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்; தொட முடியாத சூடு இருந்தால் உள்ளே ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது.

வண்டியைத் தொட்ட யாராவது சுள்ளென்று இருக்கிறது என்றால், அது லேசாக இருந்தாலும், இன்னொருவர் தொட்டுப் பார்த்து உறுதிசெய்யப் போக வேண்டாம். நேராக வீட்டுக்குள் சென்று எம்.சி.பி.யை இறக்கி, சாக்கெட்டிலிருந்து வயரைக் கழற்றுங்கள். யாரேனும் வண்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றால் அவரைக் கையால் பிடித்து இழுக்காமல் மின்சாரத்தை அறுப்பதே முதல் வேலை. அதற்கு வழியே இல்லாதபோது மட்டும், காய்ந்த பலகைமேல் நின்று காய்ந்த மரக் கம்பால் தள்ளிவிட்டு, 108-ஐ அழையுங்கள். ஷாக் வாங்கியவர் எழுந்து நன்றாகப் பேசினாலும் மருத்துவமனையில் இதயத் துடிப்பைப் பார்த்தாக வேண்டும். வண்டியை மறுபடி இணைப்பதற்கு முன், கசிவு எந்தச் சாதனத்தில் என்று எலக்ட்ரீசியன் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாம் படியின் எர்த் சோதனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.